மேல்வரிசைப் பல் நாலு

கல்யாணம் பேச வந்தவர்கள் யாரும் அவள் வாயைத் தாண்டிப் போகவில்லை. கண் நல்ல கண். முடி இடுப்புக்குக் கீழே. வேலைக்கு அஞ்சாத கை. வாயைத் திறந்தால்தான் வினை. முன்பல் ஒன்று குறுக்கே, ஒன்று மேலே, மற்றவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, பஸ்ஸில் இடம் பிடிக்கிற கூட்டம் மாதிரி நிற்கும். பால்பல் எல்லாம் சின்ன வயதிலேயே சொத்தையாகி, ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டதில், பின்னால் முளைத்ததற்கு எங்கே நிற்பது என்று தெரியாமல் போய்விட்டது. வந்தவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள். "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். சொல்லவும் இல்லை, அனுப்பவும் இல்லை.

கடைசியில் தம்பிக்குக் கல்யாணம் நடந்தது. அக்காவுக்கு அவன் வீட்டுச் சமையலறையில் பாய் விரிக்க இடம் கிடைத்தது. அதுவும் பாசத்தில் கொடுத்த இடம் இல்லை. தம்பிக்குக் குடோனில் இரவு வேலை. தம்பி பெண்டாட்டி துணிக்கடையில் நாள் முழுதும் நின்று கால் வீங்கி வருகிறவள். பெருக்க, கழுவ, நாளைக்குக் குழந்தை பிறந்தால் தூக்க ஓர் ஆள் வேண்டும். சம்பளம் கேட்காத ஆள் சொந்தத்தில்தானே கிடைக்கும்!

தெருக்கோடியில் ஒரு பெரிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் இருந்தது. வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் பிள்ளையை விட்டுவிட்டுச் சாயங்காலம் தூக்கிப் போவார்கள். அங்கே அவள் ஆயாவாகச் சேர்ந்தாள். மூக்கைத் துடைப்பது, பின்பக்கத்தைத் துடைப்பது, தரையைத் துடைப்பது, இதுதான் உத்தியோகம்.

ஒருநாள் சுகாதார நர்ஸ் ஒருத்தி பெட்டி நிறையச் சின்னச் சின்ன பிரஷ்களோடு வந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் காப்பகத்திலேயே பல் தேய்க்க வேண்டுமாம். அதற்கு ஓர் ஆள் பொறுப்பெடுக்க வேண்டுமாம். காப்பகத்தை நடத்துகிற மேடம் ஆயாக்களைப் பார்த்தாள். ஒருத்தி சுவரைப் பார்த்தாள், ஒருத்தி மின்விசிறியைப் பார்த்தாள்.

"எச்சில் வேலை நம்மால ஆகாது மேடம். பாத்தாலே குமட்டும்" என்றாள் ஆயா வேலையும் சேர்த்துப் பார்க்கிற சமையல்காரி.

"பின்பக்கம் கழுவும்போது குமட்டலையாக்கும்?"

"அது வேற, இது வேற மேடம்."

"என்கிட்ட குடுங்க, நான் பாத்துக்குறேன்" என்றாள் இவள்.

கோணல் பல்காரி பல் தேய்த்து விடப் போகிறாளா என்று சமையல்காரி முந்தானைக்குள் சிரித்தாள். சிரிக்கட்டும். நர்ஸ் சொல்லிக் கொடுத்ததை இவள் ஒருதரம்தான் கேட்டாள். ஒரு தட்டின் ஓரம் சுற்றிலும் பட்டாணி பட்டாணியாகப் பேஸ்ட்டை வைக்க வேண்டும். ஒவ்வொரு பிரஷும் தன் பட்டாணியை மட்டும் எடுக்க வேண்டும், ஒருத்தர் எச்சில் இன்னொருத்தருக்குப் போகக்கூடாது. பிள்ளையின் பின்னால் நின்று, அதன் தலையைத் தன் வயிற்றில் சாய்த்து, உதட்டைத் தூக்கித் தேய்க்க வேண்டும். தேய்த்ததும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக்கூடாது, பேஸ்ட்டில் இருக்கிற மருந்து கழுவிக்கொண்டு போய்விடும். பிரஷ் ஒவ்வொன்றிலும் ஒரு படம் ஒட்டியிருந்தது. மீன் ஒருத்தனுக்கு, குடை ஒருத்திக்கு, லாரி ஒருத்தனுக்கு. எழுத்து தெரியாத பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, எழுத்து தெரியாத ஆயாவுக்கும் அது வசதியாகப் போயிற்று.

முதல் வாரம் பிள்ளைகள் கடித்தன, உதைத்தன, பேஸ்ட்டைத் தின்றன. இவள் ஒரு வேலை செய்தாள். வட்டமாக உட்கார வைத்து, நடுவில் தான் உட்கார்ந்து, யாருக்கும் காட்டாத வாயை ஆவென்று திறந்து காட்டினாள்.

"ஐயே! உன் பல்லு ஏன் சண்டை போடுது?" என்று கேட்டான் லாரிப் படக்காரன்.

"சின்னதுல தேய்க்கலை. இப்ப நான் ஒண்ணு சொன்னா ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

"அடி போடு!"

"அடிச்சா வலிக்கிறது எனக்குத்தாண்டா."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. பிறகு ஒவ்வொன்றும் வரிசையில் வந்து வாயைத் திறந்தது. ஊரே பார்த்து முகம் சுளித்த வாய் ஒரு காரியத்துக்கு ஆனது அங்கேதான். சாயங்காலம் தாய்மார்கள் வாசலில் நின்று, "எங்க வீட்டுல பிரஷைப் பாத்தாலே ஓடுறான், உங்ககிட்ட என்ன மாயமோ" என்பார்கள். அவள் குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி நிற்பாள். யாராவது பாராட்டினால் எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியாது, பழக்கமில்லை.

தம்பிக்குப் பெண் பிறந்திருந்தது. சுண்டு என்று கூப்பிட்டார்கள். தத்தி நடக்கிற வயது வந்ததும் அதையும் காப்பகத்தில் சேர்த்தார்கள். அது "அத்தை, அத்தை" என்று காலைச் சுற்ற, மற்றப் பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டன. மேடம் முதல் சமையல்காரி வரை எல்லாருக்கும் அவள் அத்தை ஆகிவிட்டாள். உலகத்துக்கே அத்தையாக இருந்தாலும், அவளுக்கு என்று இருந்தது அந்த ஒரு சுண்டுதான். குளிப்பாட்டுவது அவள், சோறூட்டுவது அவள், வெளிக்குப் போனால் கழுவுவது அவள். தூங்க வைப்பது மட்டும் அவள் கையில் இல்லை. குழந்தை தன் பக்கத்தில்தான் தூங்க வேண்டும் என்பாள் தாய். நாள் முழுதும் பிரிந்திருக்கிறவள், அதை யார் குற்றம் சொல்ல முடியும்? ஆனால் தூங்க வைக்கிற வழிதான் கோளாறு. இனிக்க இனிக்கச் சர்க்கரை போட்ட பால், பாட்டிலில். சுண்டு உறிஞ்சிக்கொண்டே தூங்கும். தூங்கின பிறகும் பாட்டில் வாயிலேயே கிடக்கும்.

ஒருநாள் காப்பகத்தில் உதட்டைத் தூக்கும்போது அத்தை பார்த்தாள். மேல்வரிசை முன்பல்லில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பால் இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. சொத்தை பிடிக்கப் போகிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம், அப்போதே பார்த்தால் நிறுத்திவிடலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அன்று சாயங்காலம் தம்பி பெண்டாட்டி கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏம்மா, சுண்டுக்குத் தூங்கும்போது அந்தப் பாட்டிலைக் கொஞ்சம் நிறுத்திப் பாப்போமா? பல்லுல வெள்ளையா என்னமோ விழுது."

"நிறுத்துனா கத்துவா அண்ணி. பக்கத்து வீட்டுக்காரன் சுவத்தைத் தட்டுவான். நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?"

"ரெண்டு நாள் கத்துவா, அப்புறம் சரியாயிடும். வெறும் தண்ணி குடுக்கலாம்."

"பால்பல்லுதானே, விழுந்து முளைக்கப் போவுது."

"விழுறதுக்கு முன்னாடி புடுங்கினா என்ன ஆகும்னு என் வாயைப் பாத்தா தெரியலையா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். "காப்பகத்துல ஒரு பிள்ளைக்குக்கூட இப்படி இல்லை" என்று ஒரு வார்த்தை சேர்த்தாள். தம்பி பெண்டாட்டி நீட்டின காலை மடக்கினாள்.

"பெத்தவளுக்குத் தெரியாததெல்லாம் பெறாதவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு."

நாக்கில் நரம்பில்லை என்றால் எதையும் பேசலாம். அத்தை எழுந்து சமையலறைக்குப் போனாள். ஒரு மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வாயால் முடியாததைக் கையால் செய்யப் பார்த்தாள். பால் காய்ச்சும்போது சர்க்கரையைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டி வைத்தாள். சுண்டு பாட்டிலை வீசியெறிந்து ஊரைக் கூட்டியது. தாய் பாலை நக்கிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"என் பிள்ளைக்குத் தண்ணிப் பாலா? என் வீட்டுலயே எனக்குத் தெரியாமயா?"

தம்பி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வாசலில் நின்றபடியே சொன்னான்: "அக்கா, அனுசரிச்சுப் போறதுன்னா இரு."

போகாவிட்டால் என்ன என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவள் பயந்தது பாய் விரிக்கிற இடம் போகும் என்றல்ல. சுண்டு போய்விடும் என்றுதான்.

வெள்ளைக் கோடு மஞ்சளாயிற்று. மஞ்சள் பழுப்பாயிற்று. மத்தியானம் அத்தை தேய்த்ததையெல்லாம் பாட்டில் தின்றது.

அப்போதுதான் காப்பகத்துக்குப் பல் டாக்டரம்மா வரப்போகிற செய்தி வந்தது. எல்லாப் பிள்ளைகள் வாயையும் பார்ப்பார்களாம். சொத்தை இல்லாத காப்பகம் என்றால் வாசலில் மாட்ட ஒரு போர்டு கொடுப்பார்களாம். மேடம் சுவரில் ஆணியே அடித்துவிட்டாள். பிறகு அத்தையைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உங்க தம்பி பொண்ணுக்குச் சளி மாதிரி இருக்கே?"

"சளியெல்லாம் இல்லை மேடம்."

"இருக்கும். பாருங்க. அன்னைக்கு ஒருநாள் வீட்டுல இருக்கட்டும். நீங்கதான் இங்க பல்லுக்குப் பொறுப்பு. உங்க வீட்டுப் பிள்ளை வாயே அப்படி இருந்தா, பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க? எனக்காகச் சொல்லலை, உங்களுக்காகத்தான் சொல்றேன்."

அத்தை யோசிக்காமல் இல்லை. டாக்டரே பார்த்துச் சொன்னால் தம்பி பெண்டாட்டி கேட்டுத்தானே ஆக வேண்டும்? பெற்ற டாக்டரா பெறாத டாக்டரா என்று கேட்க முடியாதே! ஆனால் டாக்டரை ஏவிவிட்டது நாத்தனார் என்று அவள் சொல்லுவாள். தம்பி வாசலைக் காட்டுவான். இது ஒரு பயம். இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். அவளுக்கு வெட்கம். எழுந்ததிலிருந்து தூங்குகிற வரைக்கும் வெட்கப்பட்ட வாழ்க்கையில் பல் பொறுப்பு ஒன்றுதான் தலைநிமிர்த்தி வைத்திருந்தது. அந்த டாக்டர் முன்னால் சுண்டுவின் உதட்டைத் தூக்கிக் காட்ட அவளுக்கு மனசு வரவில்லை. ஊரார் பிள்ளைகளின் வாயைக் காட்டலாம், அதில் அவள் தேய்த்தது மட்டும் தெரியும். சுண்டுவின் வாயில் அவள் வாய் திறக்காமல் இருந்ததும் தெரிந்துவிடும்.

"சுண்டுக்குச் சளி புடிக்கிற மாதிரி இருக்கு, நாளைக்கு வேண்டாம்" என்று வீட்டில் சொன்னாள். தம்பி பெண்டாட்டி முணுமுணுத்துக்கொண்டே எதிர்வீட்டுக்காரியிடம் குழந்தையை விட்டுவிட்டுப் போனாள்.

டாக்டரம்மா சின்ன வயதுப் பெண். தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளைத் தன் மடியில் சாய்த்து, சின்னக் கண்ணாடியும் டார்ச்சுமாகப் பார்த்தாள். குடைப் படக்காரி வாயில் வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது.

"இப்பவே பாத்தது நல்லதாப் போச்சு" என்று சொல்லி, ஒரு சின்னத் தூரிகையால் எதையோ தொட்டுப் பல்லில் பூசினாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. குழந்தை அழக்கூட இல்லை. "இனி ராத்திரி பாட்டில் மட்டும் வேண்டாம்னு அம்மாகிட்ட நானே சொல்றேன். பழுப்பு விழுந்திருந்தாக்கூட வைத்தியம் இருக்கு, ஆனா சீக்கிரம் வரணும்."

அத்தை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுண்டு இருக்கிற எதிர்வீட்டுக்காரி வீடு கூப்பிடு தூரம். ஓடிப்போய்த் தூக்கி வந்தால் மூச்சு வாங்குவதற்குள் வந்துவிடலாம்.

"எல்லாப் பிள்ளைங்களும் ஆச்சா?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

மேடம் அத்தையைப் பார்த்தாள்.

"ஆச்சும்மா" என்றாள் அத்தை.

"ரொம்ப நல்லா பாத்துக்குறீங்க. இவ்வளவு சுத்தமா எங்கேயும் நான் பாக்கலை."

போர்டு ஆணியில் ஏறியது.

மழைக்காலம் முடிவதற்குள் சுண்டுவின் மேலுதடு தேனீ கொட்டின மாதிரி வீங்கியது. காய்ச்சல் கொதித்தது. ஈறில் சீழ்க் கொப்புளம். அழுது அழுது தொண்டை கட்டி, கடைசியில் அழவும் முடியாமல் அத்தையின் தோளில் சாய்ந்து கிடந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மேல்வரிசைப் பல் நாலையும் எடுத்துத்தான் ஆக வேண்டும், சின்னக் குழந்தை, மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தது அதே டாக்டரம்மா.

முடித்துவிட்டு வெளியே வந்தவள் அத்தையை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீங்க அந்தக் காப்பகத்து ஆயாதானே? இந்தக் குழந்தை யாரு?"

"என் பொண்ணு. அந்தக் காப்பகத்துலதான் இவளும் இருக்கா" என்றாள் தம்பி பெண்டாட்டி.

"நான் எல்லாரையும் பாத்தேனே. இவளைப் பாக்கலையே."

தம்பி பெண்டாட்டியின் தலை மெதுவாகத் திரும்பியது.

"அன்னைக்கு லீவு" என்றாள் அத்தை.

டாக்டரம்மா அதை விட்டுவிட்டாள். அடுத்த கேள்விதான் ஆளைத் தின்றது. "இது பாட்டிலால வந்தது. ராத்திரி தூங்கும்போது இனிப்புப் பால் குடுக்குறது யாரு?"

தம்பி தன் செருப்பைப் பார்த்தான். தம்பி பெண்டாட்டியின் முகம் வெளுத்தது. யாரும் பார்க்காமல் அவள் கை வந்து அத்தையின் கையைப் பிடித்தது. ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் தானாக வந்து பிடித்தது அதுதான் முதல் தடவை.

சளி என்று லீவு போட வைத்த பாவம் ஏற்கெனவே ஒரு தோளில். இன்னொரு தோள் சும்மாதானே இருக்கிறது? இதையும் சுமந்தால் வீடு நிற்கும், இவள் மனசு இளகும், பாட்டில் ஒழியும், சுண்டு நம்மிடமே இருப்பாள் என்று நினைத்தாள். நல்லவளாக இருப்பதில் இதுதான் கெடுதல், கணக்கு எப்போதும் தப்பாகவே வரும்.

"நான்தான் குடுப்பேன்" என்றாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நீங்களா?" என்று மட்டும் கேட்டாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி பெண்டாட்டி அவள் மடியில் விழுந்து அழுதாள். "அண்ணி, இந்த உதவியை நான் உயிர் இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றாள். மறக்கவில்லைதான். மாற்றிக்கொண்டாள்.

பாட்டில் கொடுத்தது ஆயாதான் என்ற செய்தி காப்பகத்துக்கும் போயிற்று. மேடம் பிரஷ்ஷெல்லாம் இருந்த தட்டை வாங்கி, புதிதாகச் சேர்ந்த பெண் கையில் கொடுத்தாள்.

"பேரன்ட்ஸ் கேட்டா நான் என்ன பதில் சொல்றது? நீங்க பாத்திரம் பாத்துக்குங்க."

"லீவு போடச் சொன்னது நீங்கதானே மேடம்?"

"சளின்னா லீவு போடச் சொன்னேன். பல்லுன்னா சொன்னேன்?"

புதுப் பெண் எல்லா பிரஷையும் ஒன்றாக அடுக்கி, பேஸ்ட்டை ஒரே இழுப்பாக இழுத்தாள். மீன் எது, குடை எது என்று பார்க்கவில்லை. அத்தை கழுவுகிற இடத்திலிருந்து சொல்லிப் பார்த்தாள். "உங்க வீட்டுல கத்துக்குடுங்க" என்று பதில் வந்தது.

சில நாள் கழித்து அத்தை தம்பி வீட்டு மாடிப்படியில் தண்ணீர்க் குடத்தோடு ஏறும்போது, தம்பி பெண்டாட்டி எதிர்வீட்டுக்காரியிடம் பேசுவது காதில் விழுந்தது.

"நான் என்ன பண்ணுவேன், நாள் பூரா கடையில நிக்குறேன். எங்க நாத்தனாரை நம்பி விட்டேன். பாட்டிலைக் குடுத்துக் குடுத்து என் பிள்ளை வாயையே கெடுத்துட்டாங்க."

அழுகிற குரல். நடிப்பு இல்லை. அதுதான் கொடுமை. அத்தை குடத்தை இறக்கி வைத்தாள். எதிர்வீட்டுக்காரி போகிற வரை நின்றாள்.

"ஏம்மா, பாட்டில் குடுத்தது நானா?"

"நீங்கதானே டாக்டர்கிட்ட சொன்னீங்க?"

"உனக்காகப் பொய் சொன்னேண்டி!"

"டாக்டர்கிட்டயே பொய் சொல்றவங்க, எங்கிட்ட எத்தனை சொல்லியிருப்பீங்க? சளின்னு சொன்னது பொய்யா இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல."

சளி பொய்தான். அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் உண்மையாகிவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியும் வந்தது, பாவத்திலும் பாதி அவளுடையதாகத்தான் இருந்தது. முழுக்கப் பொய்யாக இருந்தால் கத்தியிருப்பாள்.

அந்த வாரமே தம்பி, "அக்கா, கொஞ்ச நாளைக்கு வெளிய எங்கயாவது இரு" என்றான். காப்பகத்தின் சாமான் அறையில் பாயை விரித்தாள். ராத்திரிக் காவலுக்கும் ஆள் ஆச்சு என்று மேடம் மறுக்கவில்லை. சுண்டுவை வேறொரு காப்பகத்தில் சேர்த்துவிட்டார்கள். அங்கே பிரஷும் இல்லை, போர்டும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை ஒரு புது பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு போனாள். சுண்டு எதிர்வீட்டுக்காரியின் இடுப்பில் இருந்தது. மேலே வெறும் ஈறு, பக்கத்தில் மட்டும் பல். கையில் மூக்கு வைத்த குவளை. உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"அதுல என்னம்மா?" என்றாள் அத்தை.

"பால்தான். சர்க்கரை போடாம குடிக்க மாட்டேங்குறா" என்றாள் தம்பி பெண்டாட்டி. "பாட்டிலைத்தான் டாக்டர் நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்தியாச்சு."

அத்தை வாயைத் திறந்தாள். பின்பல் மிச்சம் இருக்கிறதே, அதையாவது என்று சொல்ல வந்தாள். யார் சொல்கிறது என்று கேட்டால்? வாயை மூடிக்கொண்டாள்.

எதிர்வீட்டுக்காரி குழந்தையைக் குலுக்கி விளையாட்டாகக் கேட்டாள்: "சுண்டு, உன் பல்லை யாரு புடுங்கினா?"

குழந்தை குவளையை வாயிலிருந்து எடுத்தது. காற்றுப் போகிற வாயால், நன்றாகப் பழகின பதிலைச் சொன்னது.

"அத்தே."

எதிர்வீட்டுக்காரி சங்கடத்தில் சிரித்தாள். தம்பி பெண்டாட்டி சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை, காய்கிற துணியை மடிக்கத் திரும்பிவிட்டாள். அத்தை கையை நீட்டினாள். குழந்தை உதட்டை இறுக மூடிக்கொண்டு, எதிர்வீட்டுக்காரியின் கழுத்தில் முகத்தைப் புதைத்தது.

"விடுங்க அண்ணி, பயப்படுறா" என்றாள் தம்பி பெண்டாட்டி, திரும்பாமலே.

கொண்டுவந்த பிரஷ்ஷை அத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு இறங்கினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அந்த பிரஷ்ஷால் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.